கடல் தண்ணீர் விளைந்த காடு

சமையலறைச் சுவரில் தொங்குகிற அக்வாகார்டு உங்களுக்குத் தெரியும். சென்னை மெரினாவும் தெரியும். இந்த இரண்டு வார்த்தைகளிலிருந்தும் தலையையும் வாலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் என்ன கிடைக்கும்?

அக்வாமரீன். இங்கிலீஷ் டிக்‌ஷனரியில் ஒரே சொல்லாக இருக்கும். ஆனால் நிஜத்தில் அது இரண்டு லத்தீன் சொற்களின் கல்யாணம். அக்வா என்றால் தண்ணீர். மரீனா என்றால் கடலைச் சேர்ந்த. கடல் தண்ணீர், அவ்வளவுதான். 1880களில் சென்னை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், கடற்கரையோரம் உலாவுவதற்கு ஒரு சாலை போட்டுவிட்டு இத்தாலி ஞாபகத்தில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தாரே, அதே மரீனாதான்.

இந்தக் கடல் தண்ணீர், குடிக்கிற சமாசாரம் இல்லை. குளிக்கிற சமாசாரமும் இல்லை. வெளிறிய நீலத்தில், கொஞ்சம் பச்சை கலந்தாற்போல் இருக்கும் ஒரு ரத்தினக்கல். நல்ல கல்லாக இருந்தால், உள்ளே ஒரு சொட்டுச் சமுத்திரத்தை ஊற்றி மூடி வைத்தாற்போல் இருக்கும்.

சரி, அது எங்கே கிடைக்கிறது? பிரேசிலில் கிடைக்கிறது. பாகிஸ்தான் மலைகளில் கிடைக்கிறது. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, நம்ம வெள்ளகோவில் வட்டாரத்தில் கிடைத்தது.

சிரிக்காதீர்கள். கரூரிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் வருகிற ஊர் வெள்ளகோவில். விசைத்தறிச் சத்தம், எண்ணெய் மில், வீரக்குமாரசாமி கோயில். அதைத் தாண்டி இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் காங்கயம். எந்தத் திசையில் நடந்தாலும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால்தான் கடல். மேற்குத் தொடர்ச்சி மலை மழையையெல்லாம் அந்தப் பக்கமே பிழிந்து வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் கடைமடை இது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் போராட்டம் நடத்துவது இங்கே புதுச் செய்தியே அல்ல. கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நிழலில் காங்கயம் மாடு. (காடு என்றால் அங்கே வனம் இல்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர்.)

வெள்ளகோவில்காரருக்கு அக்வாவுக்கே திண்டாட்டம். மரீனாவுக்கு எங்கே போவது? அப்படியிருந்தும் காங்கயத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிற படியூர், அக்வாமரீனுக்குப் பேர்போன ஊர். உலகத்து ரத்தினப் புத்தகங்களில் அந்தச் சின்ன ஊர் இடம் பிடித்திருக்கிறது.

பூமிக்கடியில் நடந்த சமையல் எளிமையானது. பல கோடி வருஷங்களுக்கு முன்னால் பாறைக் குழம்பு ஆறும்போது, கடைசியாக மிஞ்சிய சாறு, பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து மெதுவாக உறைந்தது. பெக்மடைட் என்பார்கள். நம் பக்கத்துக் காட்டில் உழும்போது கலப்பையில் இடிபடுகிற வெங்கச்சாங்கல், அப்ரகம் எல்லாம் அந்தச் சாற்றின் வண்டல்தான். அதில் பெரிலியம் என்கிற ஒரு தனிமமும் சேர்ந்துகொண்டால் ஆறு பட்டைப் பென்சில் மாதிரி ஒரு படிகம் உருவாகும். அதற்குப் பொதுப் பெயர் பெரில். அதில் துளி இரும்பு கலந்தால் அக்வாமரீன். இரும்புக்குப் பதில் குரோமியம் கலந்தால் மரகதம். ஒரே மாவு, ஒன்று இட்லி, ஒன்று தோசை. விலை வித்தியாசம் மட்டும் மாவுக்குச் சம்பந்தமில்லாதது!

இதில் கடல் எங்கே வந்தது? அதற்கு ரோமாபுரிக்குப் போக வேண்டும்.

பிளினி என்று ஒரு ஆசாமி. கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போனவர். அதற்கு முன்பு, உலகத்தில் உள்ள சகலத்தையும் பற்றி முப்பத்தேழு பாகம் எழுதி முடித்திருந்தார். கடைசிப் பாகம் முழுக்க ரத்தினங்கள். பெரில் இந்தியாவைத் தவிர வேறு இடங்களில் அபூர்வம் என்கிறார். அதில் ஒசத்தி எது என்றால், தெளிந்த கடலின் பசுமையைக் காப்பியடிக்கிற கல் என்கிறார். இந்தியர்களுக்கு நீளமான பெரில் என்றால் உயிர், அதைத் தங்கத்தில் பதிக்க மாட்டார்கள், துளை போட்டு யானை முடியில் கோத்துக் கொள்வார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். மரகதமும் பெரிலும் ஒரே ஜாதி என்று பலர் நினைப்பதாக ஒரு வரி வேறு. அது சரிதான் என்று பாரிஸில் வோக்லான் என்கிற வேதியியல்காரர் சோதித்து நிரூபித்தது 1798ல். பதினேழு நூற்றாண்டு கழித்து!

இன்னொன்றையும் பிளினி சொல்கிறார். இந்தியர்கள் சாதாரணப் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்வதில் கெட்டிக்காரர்கள், முக்கியமாகப் போலி பெரில். நம் முன்னோர் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவது வழக்கம். எனக்கென்னவோ இதுதான் பெரிய சர்டிபிகேட்டாகத் தெரிகிறது. மார்க்கெட்டில் கிராக்கி இல்லாத சரக்குக்கு யார் மெனக்கெட்டு டூப்ளிகேட் போடுவார்கள்?

கடல் நிறம் என்று பிளினி ஒப்பிட்டாரே தவிர, கல்லுக்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை. ஒப்பீடு பெயராக மாற ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆனது. ஐரோப்பாவில் கல் வியாபாரிகளும் மருத்துவர்களும் லத்தீனில் அக்வா மரீனா என்று எழுத ஆரம்பித்து, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டு சொல்லும் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. நம்ம தமிழ் வாத்தியார்கள் தொகை என்று நடத்துவார்களே, ஏறக்குறைய அதுதான். இன்றைக்கு ரத்தின வியாபாரத்தில் அதையும் பாதியாக வெட்டி 'அக்வா' ஆக்கிவிட்டார்கள். ஒரு லட்ச ரூபாய்க் கல்லை 'தண்ணி' என்று கூப்பிடுகிறார்கள்.

அப்படியானால் கடல் தண்ணீர் என்று பெயர் வைப்பதற்கு முன்னால்? முன்னால் சொன்ன பெரில்தான். அக்வாமரீன் வாங்கினவன் வைத்த பெயர். பெரில் விற்றவன் ஊரிலிருந்து போன பெயர். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் அதிகம் பிடிக்கிறது.

கிரேக்கத்தில் பேரில்லோஸ். அது பிராகிருதத்து வேருலிய என்பதிலிருந்து போனது. பாலி மொழியில் வேளுரிய. சமஸ்கிருதத்தில் வைடூரியம். இதுவரை பெரிய சண்டை இல்லை. வேளுரிய எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. திராவிட மொழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது மொழியியல்காரர்கள் பலருடைய ஊகம். தமிழில் விளர், வெளிறு என்று சொல்கிறோமே, நிறம் வெளுத்துப் போவது, அந்த வேரோடு ஒரு கட்சி முடிச்சுப் போடுகிறது. இன்னொரு கட்சி, வேலூர் அல்லது பேலூர் என்று ஏதோ ஓர் ஊர்ப்பெயர் என்கிறது. ஆங்கில அகராதிகளே 'இருக்கலாம்' என்று போட்டுத்தான் இதை எழுதுகின்றன.

உடனே வெள்ளகோவில்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். வெளிறு, வெள், வெள்ளகோவில் என்று ஒரு மூன்று தாவலில் உலகச் சொல்லை நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடலாம்தான். ரோமானியக் காசு குவியலாகக் கிடைத்த வெள்ளலூர்க்காரர்களும் இதேபோல் தாவலாம். ஒலி ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு ஊர்வலம் போவது சொல் ஆராய்ச்சி ஆகாது. ஒரு சொல் எந்தக் காலத்தில், எந்த வழியில், யார் வாயில் பயணம் செய்தது என்று வவுச்சர் காட்ட வேண்டும். பி.காம். படித்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

இந்தச் சண்டையை நாம்தான் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். பாணினி எழுதிய சமஸ்கிருத இலக்கணத்தில் ஒரு சூத்திரம், விதூரம் என்ற சொல்லிலிருந்து வைதூரியம் (வைடூரியத்தின் இன்னொரு உச்சரிப்பு) பிறந்தது என்கிறது. அதாவது விதூரம் என்ற ஊரிலிருந்து வரும் கல். பின்னால் வந்த பதஞ்சலியின் உரையில் ஓர் ஆட்சேபம் வருகிறது. என்ன ஆட்சேபம்? அந்தக் கல் விதூரத்தில் விளையவே இல்லையே! விளைவது வாலவாயம் என்கிற மலையில். விதூரத்தில் அதைப் பட்டை தீட்டுகிறார்கள், அவ்வளவுதானே? பிறகு எப்படி விதூரத்தின் பெயர் அதற்குப் பொருந்தும்?

சமாதானமும் அவரே சொல்கிறார். வியாபாரிகள் காசிக்குத் தங்களுக்குள் வேறொரு பெயர் வைத்துக்கொண்டு பேசுவதில்லையா, அந்த மாதிரி இலக்கணக்காரர்கள் வாலவாயத்தை விதூரம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இலக்கணப் புத்தகத்துக்குள் ஒரு மார்க்கெட் ரகசியம் இருக்கிறது பாருங்கள். கல், தோண்டின குழியின் பெயரை வாங்குவதில்லை. பட்டை தீட்டின பட்டறையின் பெயரை வாங்குகிறது. வாலவாயம் எது, விதூரம் எது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள், அந்த வம்பு நமக்கு வேண்டாம். ஆனால் குழி ஓர் ஊரில், பட்டறை இன்னோர் ஊரில் என்கிற ஏற்பாட்டைக் கொங்கு நாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம்.

படியூரிலிருந்து விடியற்காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வடகிழக்கே நடந்தால், பொழுது சாய்வதற்குள் நொய்யலைக் கடந்து கொடுமணல் சேர்ந்துவிடலாம். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஊர்தான் இது என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. 1985லிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அப்புறம் தமிழக அரசின் தொல்லியல் துறை என்று முறை வைத்துக்கொண்டு அங்கே தோண்டினார்கள்.

கிடைத்தது அரண்மனை அல்ல. பட்டறை! பெரில், நீலம், படிகம், அகேட் என்று கற்கள். அவையும் முழுசாக மட்டுமில்லை. உடைத்தது, பாதி உருட்டியது, துளை போடும்போது பிளந்துபோனது, பாலீஷ் போடாமல் விட்டது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகள். பாதி செய்த மணி முழு மணியைவிடப் பெரிய சாட்சி. முழு மணியை எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கலாம். பாதி மணியை யாரும் காசு கொடுத்து வாங்கி வரமாட்டார்கள். இங்கேதான் செய்தார்கள் என்று அதுதான் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது. மண்பாண்ட ஓடுகளில் தமிழ் பிராமியில் சாதாரண ஜனங்களின் பெயர்கள். இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள். வடக்கே குஜராத் பக்கத்துச் சூதுபவளம், ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி. உள்ளூர்க் கல்லோடு வெளியூர்க் கல்லும் வந்து சேர்ந்து, வேலை முடிந்து, வேறெங்கோ போயிருக்கிறது. இன்றைக்குத் திருப்பூருக்கு எங்கிருந்தோ பஞ்சும் நூலும் வந்து பனியனாகிக் கப்பல் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கத் தனி டியூஷன் தேவையில்லை.

சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம் போகிற பாதை கொடுமணல் பக்கமாகத்தான் போனது. முசிறியில் மிளகோடும் முத்தோடும் ஒளி ஊடுருவும் கற்கள் எல்லா வகையும் கிடைக்கும் என்று, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கப்பல்காரர் கையேடான பெரிப்ளஸ் பட்டியல் போடுகிறது. சரக்கு அங்கே போனது. பதிலுக்கு எது வந்தது என்பதைக் கோவை வட்டாரத்து மண்ணே கக்கிக்கொண்டிருக்கிறது. 1842ல் வெள்ளலூரில் ஒரே குவியலில் ஐந்நூறுக்கு மேல் ரோமானிய வெள்ளிக் காசுகள். நொய்யல் கரை கத்தாங்கண்ணியில் இன்னொரு புதையல். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தவை. ரோமானியக் காசு விழுந்து கிடக்கிற இடங்களும் பெரில் கிடைக்கிற இடங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை ராபர்ட் சீவெல் என்கிற சிவில் சர்வீஸ்காரர் 1904லேயே கவனித்து எழுதினார். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அதே பிளினி புலம்பியதில், படியூர்க் காட்டுக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்திருக்கும்.

பெரில் என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. குட்டி போட்டது. கண் மங்கிய பாதிரிமார்கள், வழவழவென்று தேய்த்த தெளிந்த கல்லை எழுத்தின்மேல் வைத்துப் படிப்பார்கள். அந்தக் கல் பெரிலோ, படிகமோ, எல்லாவற்றையும் பெரில் என்றே சொல்லிப் பழகினார்கள். பிறகு கண்ணாடி லென்ஸ் வந்ததும் அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஜெர்மானியன் மூக்குக்கண்ணாடியை பிரில்லே என்கிறான். டச்சுக்காரன் பிரில் என்கிறான். பளபளப்பைக் குறிக்கிற பிரில்லியன்ட் கூட இதே குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் பலருடைய அபிப்பிராயம். மார்க் ஷீட்டில் வாத்தியார் 'பிரில்லியன்ட்' என்று எழுதும்போது கொங்கு மண் ஒரு துளி அதில் ஒட்டியிருக்கலாம். கல்லிலிருந்து பிரித்தெடுத்த தனிமம் பெரிலியம். 2021 டிசம்பரில் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பிரதானக் கண்ணாடி, பதினெட்டுத் துண்டு பெரிலியம்தான், மேலே தங்கப்பூச்சு. பாதிரியார் கையில் இருந்த படிக்கிற கல்லுக்குக் கடைசிப் பேரன்!

ரோம் போன பிறகு படியூரை யார் நினைத்துக்கொண்டார்கள்? ரொம்ப நாளைக்கு எழுத்தில் சத்தமே இல்லை. பிறகு 1819-20ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் அங்கே சுரங்கம் நடத்தினார். 2,196 கற்கள். மதிப்பு 1,201 பவுன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கல்லுக்குச் சராசரி பதினோரு ஷில்லிங். அன்றைய கணக்கில் ஐந்தரை ரூபாய் என்று வையுங்கள். இது ஹீத்தின் கணக்கு. குழிக்குள் இறங்கி வெட்டின ஆளுக்குக் கூலி எவ்வளவு என்கிற பத்தி இந்தக் கணக்கில் இல்லை.

ஹீத்தை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. பிற்பாடு கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1830ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். நஷ்டம். ஊருக்குப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசைச் சேர்த்தால் தரம் எகிறும் என்று கண்டுபிடித்து, 1839ல் காப்புரிமை வாங்கினார். அங்கேதான் ஒரு வார்த்தை அவர் காலை வாரியது. மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளைப் போட வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தார். அவரிடமே ஏஜென்டாக இருந்த உன்வின் என்பவர், மாங்கனீசைத் தனியாகவும் கரியைத் தனியாகவும் மூசையில் போட்டார். உள்ளே போனதும் இரண்டும் சேர்ந்துகொள்ளும், செலவோ மலிவு! கூட்டாகப் போடுவதும் தனித்தனியாகப் போட்டு உள்ளே கூடவிடுவதும் ஒன்றா, வேறா? வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1851ல் ஹீத் செத்துப் போனார். 1855ல் பிரபுக்கள் சபை, வேறுதான் என்று சொல்லிவிட்டது. ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் கொழித்தார்கள். ஒரு கூட்டுச் சொல்லைப் பிரித்து எழுதலாமா, சேர்த்து எழுதலாமா என்று தமிழாசிரியர்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த மனுஷன் ஞாபகம்தான்.

கொங்குக்கே திரும்பலாம். வைடூரியம் என்று கேட்டதும் இன்றைக்கு உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? நவரத்தின மோதிரத்தில் கேதுவுக்கு உரிய கல், பூனைக்கண். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நகருமே, அது. அது பெரிலே இல்லை. வேறு கல். எப்போதோ ஒரு காலத்தில் வைடூரியம் என்ற பெயர் பெரிலை விட்டு நகர்ந்து பூனைக்கண்ணின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அர்த்தசாஸ்திரத்தில் வைடூரியத்தின் வகைகளைச் சொல்லும்போது உதக வர்ணம், அதாவது தண்ணீர் நிறம், என்றே ஒரு வகை இருக்கிறது. லத்தீன்காரனுக்கு முன்பே இங்கே ஒருவனுக்கு அந்தக் கல்லில் தண்ணீர் தெரிந்திருக்கிறது! ஆனாலும் சொந்தப் பெயர் பூனைக்குப் போய்விட்டது. பெற்ற மண்ணில் பெயர் இழந்த கல், ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு அக்வாமரீன் என்று லத்தீன் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. நவக்கிரகத்தில் அதற்கு ஒரு கிரகமும் ஒதுக்கவில்லை. அதனால் உள்ளூர் ஜோசியரும் சிபாரிசு செய்வதில்லை.

போனால் போகிறது, பெயர்தானே என்கிறீர்களா? பெயருக்கு விலை உண்டு. காங்கயம்-கரூர் பக்கத்துக் காட்டில் உழவு ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் மழைக்கு மண் கரையும்போதும் கல் தலைகாட்டுவது புதுசில்லை. எடுத்தவருக்கு அது 'என்னமோ கல்லு'. அந்தப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த பேரம் இது. சின்ன வயசில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

"ஏனுங்க, இது வெங்கச்சாங்கல்லுங்களா?"

வந்தவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"அந்த மாதிரித்தானுங்க. கண்ணாடியாட்டம் இருக்குது, புள்ளைங்க வெளையாடலாமுங்க."

"அப்பறம் எதுக்குங்க ரெண்டு வாட்டி பாத்தீங்க?"

"சும்மாதானுங்க. நூறு ரூவா வேணும்னா தாரனுங்க. உங்க மூஞ்சிக்காவ."

நூறு ரூபாய் அப்போது சின்னத் தொகையில்லை. கொடுத்துவிட்டார்கள். அது நிஜமாகவே வெங்கச்சாங்கல்லாகவே இருந்திருக்கலாம். ஆனால் வந்தவருக்கு மனசுக்குள் ஒரு வார்த்தை தெரிந்திருந்தது. எங்கள் அப்புச்சிக்கு அந்த வார்த்தை தெரியாது. பேரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வெளியே விடாமல் நடந்தது. பதஞ்சலி சொன்ன வியாபாரிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனிப் பெயர் வைத்திருந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. பெரிலியம் அணு உலைகளில் பயன்படுகிற உலோகம் என்பதால், நம் சுரங்கச் சட்டத்தின் அட்டவணையில் பெரில் ஓர் அணுக் கனிமம். லித்தியம், டைட்டானியம் எல்லாம் அதே வரிசையில். ஒரு ராஜகுமாரியின் காதில் தொங்க வேண்டிய கல், தோரியத்துக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது! 2023ல் சட்டத்தைத் திருத்தி ஆறு கனிமங்களை அந்த வரிசையிலிருந்து எடுத்தார்கள். அதில் பெரிலும் ஒன்று. இனி தனியார் கம்பெனிகளும் ஏலத்துக்கு வரலாம். அவர்கள் கையில் எல்லாப் பெயர்களும் இருக்கும், லத்தீன் உட்பட.

தமிழ் ஆசாரிமார்களிடம் மட்டும் ஒரு சொல் பத்திரமாக இருக்கிறது. கல்லை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பும்போது உள்ளே ஒரு அசைவு தெரியும். அதற்கு நீரோட்டம் என்று பெயர். நீரோட்டம் நல்லா இருக்குதுங்க என்றால் கல் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இதே சொல்லை வெள்ளகோவில் காட்டுக்குள் சொல்லிப் பாருங்கள். ஒருவர் உள்ளங்கையில் உரிக்காத தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் மெதுவாக நடப்பார். பின்னால் காட்டுக்காரர், அவர் சம்சாரம், ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் வாங்க வந்தவர். தேங்காய் எழுந்து நின்றால் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து அடையாளம் பண்ணுவார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் அங்கே தண்ணீர் வந்தாக வேண்டும். கையில் கிடைத்த கல்லைத்தான் வைப்பார்கள். அது என்ன கல் என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.